கடல் கடந்த ரூபாய்

நுழையும்முன்

பணத்தாளில் அச்சிட்டிருக்கும் எண் அந்த நாட்டின் எல்லைவரையில்தான் செல்லும். எல்லையைத் தாண்டியவுடன் அதன் மதிப்பை வேறு யாரோ, வேறு எங்கோ இருந்து தீர்மானிக்கின்றனர். இந்தியாவும் இலங்கையும் தம் பணத்தை ரூபாய் என்றே அழைக்கின்றன. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அவ்விரண்டும் ஒன்றுக்கு ஒன்று எனச் சமமாக இருந்தன. அந்தச் சமன்பாடு குலைந்த கதையையும், அதனால் உழைப்பாளிகளின் கைப்பணம் பட்ட பாட்டையும் காவிரிக்கரையில் நின்று காண்கிறது இப்பாடம்.

தென்திசை நோக்கிய ஊர்

திருவரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாள் தென்திசை நோக்கிக் கண்வளர்கிறார். இலங்கைக்கு எடுத்துச் செல்லப்பட்ட விமானம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே நிலைகொண்டுவிட்டது என்றும், வருந்திய வீடணனுக்காக அரங்கன் இலங்கை இருக்கும் திசையைப் பார்த்திருக்கிறான் என்றும் தலவரலாறு கூறும். தலவரலாற்றைக் கல்வெட்டைப் போன்ற சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும், இவ்வூர் மக்களின் எண்ணத்தில் இலங்கை எவ்வளவு அண்மையில் இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த அண்மைக்குப் பொருளியல் அடித்தளமும் உண்டு. புகார்த் துறைமுகத்தில் குவிந்த பொருள்களுள் ஈழத்து உணவையும் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. ஈழம் என்னும் சொல்லுக்குப் பொன் என்றும் ஒரு பொருள் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஈழக்காசு என்னும் நாணயப் பெயர் இடம்பெறுகிறது. மதுரையும் ஈழமும் கொண்டவன் எனப் பட்டம் பூண்ட முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு திருவரங்கக் கோயிலிலும் உள்ளது. முதலாம் இராசராசன் காலத்தில் வழங்கிய, நிற்கும் மனித உருவம் பொறித்த செப்புக்காசு கடலின் இரு கரைகளிலும் புழங்கியது. சோழராட்சி இலங்கையில் முடிவுற்ற பின்னரும் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன் முதலிய சிங்கள அரசர்கள் அதே அமைப்பில் தம் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டனர். ஆட்சி போன பின்னும் காசின் வடிவம் அங்கேயே தங்கிவிட்டது.

அக்காலத்தில் இரு நாட்டுக் காசுகளை ஒப்பிடுவதற்குத் தட்டாரின் தராசும் உரைகல்லும் போதுமானவையாக இருந்தன. பொன்னின் தூய்மையைத் தமிழில் 'மாற்று' என்பர். மாற்றுக் குறைந்த பொன்னுக்கு மதிப்பும் குறைவு. பிற்காலத்தில் ஒரு நாட்டுப் பணத்துக்கு ஈடாக மற்றொரு நாட்டுப் பணத்தைப் பெறுவதற்கும் 'நாணய மாற்று' என்று அதே ஒலியுடைய சொல் வழங்கலாயிற்று. இது தற்செயலாக நேர்ந்ததே எனினும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. உரைகல்லின் முன் நிற்பவரும் பணமாற்றுச் சாளரத்தின் முன் நிற்பவரும் கேட்பது ஒரே கேள்வி: கையில் எவ்வளவு தேறும்?

ஒரே ரூபாய்

பிரித்தானியர் 1796இல் இலங்கையின் கரையோரப் பகுதிகளையும் 1815இல் கண்டி அரசையும் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். டச்சுக்காரர் காலத்து ரிக்ஸ்டாலர், இங்கிலாந்தின் ஷில்லிங், தென்னிந்தியாவிலிருந்து வந்த வெள்ளி ரூபாய் எனப் பலவகைக் காசுகள் அங்கே ஒருங்கே புழங்கின. சட்டம் பவுனையும் ஷில்லிங்கையும் கணக்குக்கு வைத்துக்கொண்டது; சந்தை ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டது. இறுதியில் சந்தையே வென்றது. 1836இல் இந்திய ரூபாய் இலங்கையில் ஏற்புடைய நாணயமாயிற்று. 1869இல் எத்தொகைக்கும் செல்லத்தக்க சட்டமுறைப் பணமாயிற்று.

1872ஆம் ஆண்டு முதல் இலங்கை, ரூபாயை நூறு சதங்களாகப் பகுத்தது. சதக் காசுகளை இலங்கை தனியாக வெளியிட்டாலும், முழு ரூபாய் நாணயம் இந்தியாவில் அடிக்கப்பட்டதாகவே இருந்தது. 1884இல் இலங்கையில் தாள்பணம் வெளியிட்டுவந்த ஓரியண்டல் வங்கி நொடித்துப்போனது. தாளை வைத்திருந்தவர்கள் கலங்கிநின்ற அந்நிலையில், தாள்பணம் வெளியிடும் பொறுப்பை அரசே ஏற்று அதற்கெனப் பண ஆணையர் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு வெளியிட்ட இலங்கை ரூபாய் இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்று எனப் பிணைக்கப்பட்டிருந்தது.

இப்பிணைப்பின் பொருளை எளிமையாகச் சொல்லலாம். இந்திய ரூபாயின் மதிப்பு ஏறினால் இலங்கை ரூபாயும் ஏறும். இறங்கினால் அதுவும் இறங்கும். 1870களிலிருந்து உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்தது. ஏறத்தாழ இரண்டு ஷில்லிங்காக இருந்த ரூபாய் இருபது ஆண்டுகளில் ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் அளவுக்குத் தாழ்ந்தது. 1893இல் இந்திய அரசு வெள்ளியைத் தடையின்றி நாணயமாக அடித்துத் தருவதை நிறுத்தியது. பின்னர் ரூபாய் ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸில் நிலைநிறுத்தப்பட்டது. இம்முடிவுகளில் கொழும்புக்குப் பங்கில்லை. கல்கத்தாவிலும் இலண்டனிலும் எடுத்த முடிவு இலங்கையின் ஒவ்வொரு கூலிப் பொட்டலத்தையும் தொட்டது. தேயிலையை இலண்டனில் பவுனுக்கு விற்றுக் கூலியை ரூபாயில் கொடுத்த தோட்ட உரிமையாளர்களுக்கு ரூபாயின் வீழ்ச்சி ஆதாயமாக இருந்தது. கூலி பெற்றவர்களுக்கு அப்படி இருந்திருக்க வழியில்லை.

கண்டிச்சீமைக்குப் போனவர்கள்

கூலி பெற்றவர்கள் யார்? பெரும்பாலோர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சிற்றூர்களிலிருந்து சென்றவர்கள். முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், இலைநோயால் காப்பி அழிந்த பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் அவர்கள் சென்றனர். ஊர்மக்கள் அம்மலைநாட்டைக் கண்டிச்சீமை என்றனர். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்படும். கடன் அடைந்தால் விடுவிக்கப்படுவார் என்று குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டு கைமாறினால் கடனோடு சேர்ந்து ஆளும் வேறு தோட்டத்துக்கு மாறுவார். 1921இல்தான் இம்முறை ஒழிக்கப்பட்டது.

இந்த ஆள்சேர்ப்பை ஒழுங்குபடுத்த இலங்கைத் தோட்ட உரிமையாளர்கள் 1904இல் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் ஒன்றை நிறுவினர். அதன் தலைமையகம் கொழும்பில் அன்று, திருச்சிராப்பள்ளியில் அமைந்தது. தென்னிந்திய இரயில்வேயின் தலைமையிடமாகவும் விளங்கிய இந்நகரம் ஆள் போகும் வழிக்கும் பணம் வரும் வழிக்கும் நடுவில் இருந்ததே அதற்குக் காரணம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் சென்னை எழும்பூரில் ஏறியவர் திருச்சி வழியாகத் தனுஷ்கோடி சென்று, கப்பலில் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் தொடர்வண்டியில் கொழும்புவரை ஒரே பயணச்சீட்டில் போக முடிந்தது. போட் மெயில் என்று மக்கள் அழைத்த அவ்வண்டியில் சென்றவர்களுக்குப் பணம் மாற்ற வேண்டிய தேவை அநேகமாக இல்லை. முசிறியில் வாங்கிய ரூபாய் நுவரெலியாவில் செல்லும். அங்கே சேர்த்த ரூபாய் துறையூர்ச் சந்தையில் அதே மதிப்புக்குச் செல்லும். கழிவு போனால் அஞ்சலகக் கட்டணம் மட்டுமே போகும்.

தெரிந்து தெளிவோம்

ரூபாய் ஒன்றாயினும் சில்லறை வேறு. இந்தியாவில் ஒரு ரூபாய்க்குப் 16 அணா. ஓர் அணாவுக்கு 4 பைசா. ஒரு பைசாவுக்கு 3 தம்படி. இலங்கையில் ஒரு ரூபாய்க்கு 100 சதம். ஐம்பது சதம் எட்டணாவுக்கும், இருபத்தைந்து சதம் நாலணாவுக்கும் சரியாக நேராகும். பத்துச் சதத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஓர் அணாவும் இரண்டு பைசாவும் போக ஒரு தம்படிக்கும் சற்று மேல் வரும். ஆகவே ஊர் திரும்புவோருக்கு முழு ரூபாயில் இழப்பில்லை; உதிரிக் காசில்தான் கடைக்காரரோடு வழக்கு. இந்தியா 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா முறைக்கு மாறியபோது, இலங்கை அந்தப் பத்தடுக்கு முறையில் 85 ஆண்டுகள் பழகியிருந்தது.

சமன் குலைந்த நாள்

1947இல் இந்தியாவும் 1948இல் இலங்கையும் விடுதலை பெற்றன. அரசியல் எல்லை உறுதியான பின்னரும் ரூபாய்கள் உடனே பிரியவில்லை. 1949 செப்டம்பரில் பிரித்தானியா பவுனின் மதிப்பைக் குறைத்தபோது இந்தியாவும் இலங்கையும் ஒருசேரத் தம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தன. பாகிஸ்தான் அவ்வாறு செய்ய மறுத்தது. அதனால் 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்னும் நிலை ஏற்பட்டது. அந்த வீதத்தை இந்தியா ஏற்க மறுத்ததால் இரு நாடுகளுக்குமிடையே சணல் வணிகம் முடங்கியது. அண்டை நாடுகளின் பணம் பிரிந்தால் என்ன நேரும் என்பதற்கு வடக்கே ஓர் எடுத்துக்காட்டு இவ்வாறு கண்முன் நின்றது.

1950 ஆகஸ்டு 28 அன்று இலங்கை மத்திய வங்கி தொடங்கப்பட்டது. அமெரிக்கரான ஜான் எக்ஸ்டர் அதன் முதல் ஆளுநராக இருந்தார். அன்று முதல் இலங்கை ரூபாய் இந்திய ரூபாயின் நிழலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆயினும் இரண்டும் 0.186621 கிராம் தூய பொன்னுக்கு நேர் என்றே அறிவிக்கப்பட்டிருந்தன. ஒரு டாலருக்கு இங்கும் 4.76 ரூபாய், அங்கும் 4.76 ரூபாய். ஒரே அளவுகோலால் அளந்த இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று சமமாவதுபோல, இரு ரூபாய்களும் சமமாக நின்றன.

1966 ஜூன் 6 அன்று அது முடிந்தது. சீனப் போர், பாகிஸ்தான் போர், அடுத்தடுத்த வறட்சி, வெளிநாட்டு உதவியில் ஏற்பட்ட தடை ஆகியவற்றால் நெருக்குண்ட இந்திய அரசு, ரூபாயின் பொன் அளவை 0.118489 கிராமாகக் குறைத்தது. டாலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆயிற்று. இலங்கை தன் ரூபாயைத் தொடவில்லை. ஒரே நாளில் ஓர் இலங்கை ரூபாய்க்கு ஏறத்தாழ 1 ரூபாய் 57 காசு இந்தியப் பணம் என்றாயிற்று. இன்று இந்திய ரூபாயே மதிப்பு மிக்கது என்று பழகிவிட்டவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். 1967 நவம்பரில் பவுன் மீண்டும் சரிந்தபோது இலங்கையும் தன் ரூபாயின் மதிப்பை 20 விழுக்காடு குறைத்தது. அப்போதும் ஓர் இலங்கை ரூபாய் 1 ரூபாய் 26 காசுக்கு நேராகவே இருந்தது.

மதிப்பு மிக்க பணம் என்றால் செழிப்பு மிக்க நாடு என்று கொள்வது தவறு. இலங்கையின் தேயிலை, இரப்பர், தேங்காய் ஆகியவற்றுக்கு உலகச் சந்தையில் கிடைத்த விலை தாழ்ந்துகொண்டே வந்தது. அரிசி முதலியவற்றை இறக்குமதி செய்யும் செலவு ஏறிற்று. இறக்குமதித் தடைகளும் செலாவணிக் கட்டுப்பாடும் அங்கே ரூபாயைத் தாங்கிப் பிடித்திருந்தன. 1966 டிசம்பரில் பங்கீட்டு அரிசியை இலங்கை அரசு பாதியாகக் குறைத்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. வங்கியின் கணக்கில் இரு பணங்களும் எந்த விகிதத்தில் நின்றாலும், அரிசிக் கடையில் இரண்டுமே தள்ளாடின என்பதே உண்மை.

நாலாயிரம் ரூபாய்

இந்த எண்களெல்லாம் வங்கிகளுக்கும் வணிகர்களுக்கும் மட்டும் உரியவை போலத் தோன்றலாம். அவ்வாறன்று.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். பதினைந்து ஆண்டுகளில் இது நிறைவேற வேண்டும். எண்ணிக்கை குறித்து இரு தலைநகரங்கள் பேரம் பேசின. எண்ணப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த உடன்பாட்டில் பலரும் கவனியாது கடந்துபோகும் ஒரு கூறு உண்டு. திரும்பிச் செல்வோர் தம் சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளை எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் எடுத்துச் செல்லத்தக்க தொகையின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது. உடன்பாட்டில் கையொப்பமிட்ட நாளில் அங்குள்ள 4,000 ரூபாய் இங்கும் 4,000 ரூபாயே. ஆகவே எந்த நாட்டு ரூபாய், எந்த வீதம் என்னும் வினா அன்று யாருக்கும் எழ வேண்டியதில்லை.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. உடன்பாடு கையொப்பமாகி இரண்டு திங்கள் நிறைவதற்குள் 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது; நேர்வழித் துறைமுகம் போயிற்று. அதன்பின் இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் ரூபாய்களின் சமன்பாடும் போயிற்று. உடன்பாட்டைச் செயல்படுத்தும் சட்டத்தையோ இலங்கை 1967இல்தான் இயற்றியது. திரும்பியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமைக் கடந்து வந்தபோது, எந்த ஆண்டில் கப்பலேறினார்கள் என்பதைப் பொறுத்து அவர்களின் வாழ்நாள் சேமிப்பு மாறியது.

அந்த 4,000 ரூபாயையே அளவாகக் கொண்டு அதிகாரபூர்வ வீதப்படி கணக்கிடலாம். 1965இல் அது இந்தியாவில் 4,000. 1966 ஜூலையில் ஏறத்தாழ 6,300. 1968இல் 5,040. 1975இல் சுமார் 4,800. 1977 நவம்பரில் இலங்கை அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, ரூபாயை டாலருக்கு 16 என்னும் அளவில் மிதக்கவிட்டது. இந்திய ரூபாய் அப்போது டாலருக்கு எட்டரையை ஒட்டி இருந்தது. அதற்குப் பின் கப்பலேறிய குடும்பத்தின் 4,000 ரூபாய் இங்கே ஏறத்தாழ 2,100 முதல் 2,200 ரூபாயாகச் சுருங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தியாவிலும் விலைவாசி ஏறியிருந்ததால் உண்மையான இழப்பு அதைவிடப் பெரிது. ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்து, ஒரே மலையில் கொழுந்து பறித்த இரண்டு குடும்பங்களில் ஒன்று 1968இலும் மற்றொன்று 1978இலும் புறப்பட்டிருந்தால், பின்னது பெற்றது முன்னதில் பாதிகூட இல்லை. பல குடும்பங்களின் சேமிப்பு அந்த உச்சவரம்பை எட்டவே இல்லை என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

1977ஆம் ஆண்டு முடிவைத் தவறென்று ஒரே சொல்லில் ஒதுக்கவும் முடியாது. 1968 முதல் இலங்கையில் இரட்டை வீதம் நடப்பிலிருந்தது. அரிசி, மாவு போன்ற இன்றியமையாப் பொருள்களுக்கு ஒரு வீதம். ஏனையவற்றுக்குச் செலாவணி உரிமைச் சான்றிதழ் வாங்கிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். அக்கூடுதல் முதலில் 44 விழுக்காடாகவும், 1972இல் 65 விழுக்காடாகவும் இருந்தது. தேயிலை ஏற்றுமதிக்குக் குறைந்த வீதமே கணக்கிடப்பட்டதால், நாட்டுக்கு டாலர் ஈட்டித்தந்த தோட்டத்துறையே மறைமுகமாக வரி செலுத்திக்கொண்டிருந்தது. அலுவல் சார்ந்த வீதம் பொய்யாகிவிட்டிருந்தது. 1977இல் அந்தப் பொய் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒப்புக்கொண்ட நாளுக்கு முன் போனவர்கள் தப்பினர். பின் போனவர்கள் அதன் விலையைக் கொடுத்தனர்.

வந்தவர்களின் மறுவாழ்வுக்கென நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் நிலைமை முற்றிலும் மாறியது. அடுத்த ஆண்டில் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அதன்பின் படகில் வந்தவர்களிடம் மாற்றுவதற்குப் பணமே இல்லை. திருச்சிராப்பள்ளியில் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் வாழ்வோர் அந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

ஏறியும் இறங்கியும்

1977க்குப் பின் இந்திய ரூபாயே மதிப்பு மிக்கதாக நீடித்தாலும், இடைவெளி ஒரே சீராக விரியவில்லை. 1990இல் ஓர் இந்திய ரூபாய்க்குச் சுமார் 2 ரூபாய் 30 சதம் கிடைத்தது. 1991இல் அந்நியச் செலாவணி வற்றிப்போன நிலையில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பை இருமுறை குறைத்தது; அதைத் தொடர்ந்த மாற்றங்களால் 1995இல் அந்த அளவு ஏறத்தாழ 1 ரூபாய் 60 சதமாகக் குறைந்தது. பின்னர் மீண்டும் ஏறி, 2010இல் இரண்டரையை ஒட்டி நின்றது.

இவ்விடத்தில் ஒன்றை விளக்கிக்கொள்வது நன்று. இந்திய ரூபாய்க்கும் இலங்கை ரூபாய்க்கும் நேரடியாக விலை பேசும் பெருஞ்சந்தை கிடையாது. இரண்டும் தனித்தனியே டாலரால் அளக்கப்படுகின்றன. ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பெறுவதே இடைமாற்று வீதம். முப்பத்தைந்து கிலோமீட்டர்க் கடலால் மட்டும் பிரிந்த இரு கரைகளின் பணம் நியூயார்க்கைச் சுற்றிக்கொண்டுதான் ஒன்றையொன்று சந்திக்கிறது. அதனால் சென்னையிலோ கொழும்பிலோ எதுவும் நிகழாதபோதும் அவ்வீதம் மாறக்கூடும்.

அலுவல் வீதம் சந்தையை விட்டு விலகும்போதெல்லாம் மக்கள் வேறு வழி காண்கின்றனர். நகரத்தார் வணிகத்தில் நாணயமான பற்றுச்சீட்டாக விளங்கிய உண்டியல், இலங்கையில் வங்கியைத் தவிர்த்துப் பணம் அனுப்பும் கள்ளவழிக்குப் பெயராயிற்று. அங்கே ஒருவரிடம் கொடுத்த பணம் இங்கே வேறொருவர் கையால் வந்து சேரும். எல்லையைத் தாண்டுவது செய்தி மட்டுமே. நல்ல சொல் ஒன்று கெட்ட பொருளை ஏற்பதற்கு மொழி பொறுப்பன்று. செயற்கையாகப் பிடித்து வைத்த வீதமே பொறுப்பு.

2021இன் இறுதியில் அதுவே மீண்டும் நிகழ்ந்தது. 2019ஆம் ஆண்டு ஈஸ்டர் நாள் குண்டுவெடிப்பு, அவ்வாண்டு இறுதியில் செய்த வரிக் குறைப்பு, பெருந்தொற்றால் சுற்றுலா முடங்கியமை, வேதியுரத் தடையால் குறைந்த விளைச்சல், பெருகிய வெளிநாட்டுக் கடன் என அனைத்தும் சேர்ந்து இலங்கையின் செலாவணி இருப்பைக் கரைத்தன. ஆயினும் மத்திய வங்கி டாலருக்கு 203 ரூபாய் என்னும் அளவை விடாமல் பிடித்திருந்தது. வெளிநாட்டில் உழைப்போர் வங்கியை விட்டு உண்டியலை நாடினர். இருப்பு மேலும் வற்றியது. 2022 மார்ச் 7 அன்று பிடி தளர்த்தப்பட்டது. மே மாதத்தில் டாலர் 360 ரூபாயைத் தொட்டது. 2 ரூபாய் 70 சதத்துக்குக் கிடைத்த ஓர் இந்திய ரூபாய்க்கு இரண்டே திங்களில் நாலரை ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது.

இந்தியா அவ்வாண்டில் கடன், பண இடமாற்று, தவணை ஒத்திவைப்பு எனப் பல வகையில் ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவியது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள் ஆகியவற்றை அனுப்ப முடிவு செய்து, முதற் கப்பலை மே மாதத்தில் சென்னையிலிருந்து அனுப்பியது. பணம் மதிப்பிழந்த இடத்துக்குப் பணமாக அன்றிப் பொருளாக அனுப்பியது பொருளறிந்த செயல். அரிசிக்கு மாற்று வீதம் பார்க்க வேண்டியதில்லை.

இன்று கொழும்பிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விமானத்தில் வர ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகிறது. அரங்கனைக் காணவும், உறவினரைப் பார்க்கவும், துணி எடுக்கவும் வருவோர் பணமாற்று முகவரின் பலகையைப் பார்த்துவிட்டே நகருக்குள் நுழைகின்றனர். அப்பலகையில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு விலைகள் எழுதப்பட்டிருக்கும்: வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. 2024இன் இறுதியில் ஓர் இலங்கை ரூபாய் 30 காசுக்கும் குறைவு. சாஸ்திரி – சிறிமாவோ உடன்பாட்டில் எழுதிய 4,000 ரூபாயை அன்று அங்கே நீட்டியவருக்கு, முகவரின் கழிவு போக, ஆயிரத்து நூறை ஒட்டிய தொகை கிடைத்திருக்கும். கொட்டப்பட்டு முகாம் அந்த விமான நிலையத்துக்கு அருகில்தான் உள்ளது.

கற்பவை கற்றபின்…

உங்கள் ஊரிலிருந்து இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகளுக்குச் சென்று திரும்பிய குடும்பத்து முதியோரைச் சந்தித்து, அவர்கள் கொண்டுவந்த பணம், நகை, பொருள்கள் பற்றிக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

ஒரு டாலருக்கு இன்றுள்ள இந்திய ரூபாய், இலங்கை ரூபாய் மதிப்புகளை நாளிதழில் கண்டு, இரண்டுக்குமான இடைமாற்று வீதத்தைக் கணக்கிடுக. பாடத்தில் வரும் 4,000 ரூபாயின் இன்றைய மதிப்பை அதனைக் கொண்டு காண்க.